பிரெஞ்சு ஃபுத்யூர் ஆந்தேரியர்: கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. டெல்ஃப் பி1 என்ற இடைநிலை பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஃபுத்யூர் ஆந்தேரியரை, அதாவது எதிர்காலத்தில் ஒன்று நடப்பதற்குள் முடிந்திருக்கும் செயலைச் சொல்லும் வினை வடிவத்தை, அமைப்பது புரிகிறது: அவ்வார் (உடைத்தாயிருத்தல்) அல்லது எத்ர் (இருத்தல்) வினையின் எதிர்கால வடிவம், அப்புறம் இறந்தகால எச்சம். ‘ழோரே ஃபினி’ என்றால் முடித்திருப்பேன். ‘எல் ஸெரா பார்த்தி’ என்றால் கிளம்பியிருப்பாள். இங்கே எத்ர் வருவதால் எச்சத்தின் முடிவில் பெண்பாலுக்கு ஒரு ‘e’ எழுத்தைக் கூடுதலாக எழுத வேண்டும். ‘இல் ஓரா ஊப்லியே’ நம் ‘மறந்திருப்பான்’ போலவே ஊகத்தையும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குழப்பம் ‘கான்’ (‘போது’, ‘எப்போது’) வரும் வாக்கியங்களில்தான். தமிழில் ‘வேலையை முடித்ததும் கூப்பிடுகிறேன்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் ‘கான் ழோரே ஃபினி, ழ தாப்பெல்ரே’. சரி. ஆனால் ‘அவர் வந்ததும் சாப்பிடுவோம்’ போன்ற வாக்கியங்களில் ‘கான் இல் அரிவரா’ (சாதாரண எதிர்காலம்), ‘கான் இல் ஸெரா அரிவே’ (ஃபுத்யூர் ஆந்தேரியர்) இரண்டையுமே பார்க்கிறேன். சாப்பிடுவது அவர் வந்த பிறகுதான் என்றால் எதை எழுதுவது? சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இரண்டு மூன்று உதாரணங்களோடு விளக்க முடியுமா? தேர்வு அடுத்த மாதம்.