டர்ன்அரவுண்ட் டைம்: ‘கைசேர் நேரம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வேலையைக் கொடுத்து அதன் முடிவு வந்துசேர ஆகும் நேரத்தை ஆங்கிலத்தில் ‘டர்ன்அரவுண்ட் டைம்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல்லாகக் குழுவில் வந்த ‘திரும்பு நேரம்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். கணினிப் பாடத்துக்கு அது ஒத்துவரலாம். மருத்துவமனை ஆய்வகத்துக்குப் பொருந்தவில்லை. இங்கே போன ரத்தம் திரும்பி வருவதில்லை, அறிக்கைதான் வருகிறது.

‘ஆய்வு நேரம்’ என்றால் இன்னும் சிக்கல். அது ரத்த மாதிரி உள்ள குழாய், சோதிக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் நேரம் மட்டுமே. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) பார்க்கிறோம். இயந்திரம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள். ரத்தம் எடுத்து 60 நிமிடத்துக்குள் முடிவு வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. மீதி நேரம் எங்கே போகிறது? சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) குழாயில் எடுத்தால் ரத்தம் உறையவே அரை மணி நேரம் விடவேண்டும். அப்புறம் குழாயை வேகமாகச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம். அதனால்தான் அவசரம் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில் கேட்கிறோம், உறையக் காத்திருக்க வேண்டாம்.

ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மசஹிதே சசாகி 1980களிலேயே மாதிரிகளைக் கன்வேயரில் ஓடவிட்டார். எங்கள் ஆய்வகத்துக்கு அப்படி ஒரு கன்வேயர் தடம் வந்தபிறகு சராசரி நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரவில் மணிக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் குழாய்கள் அரிதாகிவிட்டன. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பலன்.

ஒரு விடியற்காலை பார்கோடு கோணலாக ஒட்டிய குழாய் ஒன்றைத் தடம் படிக்க முடியாமல் ஒதுக்குத் தட்டில் தள்ளிவிட்டது. வார்டிலிருந்து போன் வந்தபிறகுதான் கவனித்தேன். 40 நிமிடம் அங்கேயே நின்றிருக்கிறது. இயந்திரத்துக்குள் அது போகவே இல்லை, ஆகவே ‘ஆய்வு நேரம்’ என்ற கணக்கில் அந்த 40 நிமிடம் ஏறவே இல்லை. நோயாளிக்கு அது முழுசாகப் போன நேரம்.

1981-இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லுண்ட்பெர்க் ஆய்வகப் பரிசோதனையை மருத்துவரின் மூளையில் தொடங்கி மருத்துவரின் மூளையிலேயே முடியும் ஒரு வட்டமாகச் சொன்னார். நம் ஊரில் நோயாளியின் உறவினர் கேட்பதும் அதுதானே: “ரிப்போர்ட் எப்ப கைக்கு வரும்?” அந்தக் கேள்வியிலிருந்தே எடுத்தேன், ‘கைசேர் நேரம்’. எங்கே முடிகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

எங்கே தொடங்குகிறது என்பதையும் முன்னால் சேர்த்துவிடலாம். மருத்துவர்கள் ஆணையிட்டதிலிருந்து எண்ணுகிறார்கள், ஆய்வகத்தார் மாதிரி வந்ததிலிருந்து எண்ணுகிறோம். பாதிச் சண்டை இதில்தான். ‘ஆணைமுதல் கைசேர் நேரம்’, ‘எடுப்புமுதல் கைசேர் நேரம்’, ‘வரவுமுதல் கைசேர் நேரம்’ என்று பிரித்துச் சொன்னால் யார் எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இயந்திரத்துக்குள் ஆகும் நேரத்துக்கு மட்டும் ‘ஆய்வு நேரம்’ இருக்கட்டும்.

அறிக்கை இப்போது திரையில்தானே வருகிறது, ‘கை’ எதற்கு என்று கேட்கலாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறினாலும் கைக்கு வந்தது என்றுதானே சொல்கிறோம். இலக்கணம் அறிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: ‘கைசேர்நேரம்’ என்று சேர்த்து எழுதலாமா, பிரித்தே எழுதவேண்டுமா?