புதுப்பிப்பு: சென்ட் அன்ட்ரூஸ் பழைய கோல்ஃப் திடலில் தனியாளாக ஆட இடம் கிடைத்தது

ஸ்கொட்லாந்திலுள்ள மகளைப் பார்க்கப் போகும்போது, கூட ஆட எவருமில்லாத நான் அங்கே எவ்வாறு ஆடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலெழுதிய அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து மனமார்ந்த நன்றி.

ஆட்ட நேரங்களை ஒதுக்க இரண்டு நாள் முன்னதாக நடக்கும் பொதுக் குலுக்கலுக்குக் குறைந்தது இருவர் தேவைப்பட்டதால் அது எனக்கு உதவவில்லை. 2024இல் தொடங்கிய, தனியாட்களுக்கான தினக் குலுக்கலைச் சுட்டிக்காட்டிய அண்ணரின் யோசனையே பலித்தது. ஆட விரும்பும் நாளுக்கு முந்தின நாள் நேரில் சென்று பெயர் பதிய வேண்டும். எனக்கு இரண்டாம் முறை விழுந்தது. ஆட்டத்திறனின் அளவைக் காட்டும் ஹன்டிகப் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டமில்லை; அன்று திடல் ஊரார் உலாவும் இடமாகிவிடுகிறது.

நான் எதிர்பாராதது தரைதான். புல்லுக்கடியில் மணல் இறுகிக் கிடப்பதால், கச்சான் காற்றில் பழகிய கையால் எவ்வளவு தாழ்வாக அடித்தாலும், பந்து விழுந்த இடத்தில் நில்லாமல் மேடுபள்ளம் பார்த்து வளைந்து ஓடியது. பதினெட்டுக் குழிகளில் பதினான்கு, இரண்டிரண்டாக குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய ஏழு பெரிய புல்தரைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே புல்தரையிலுள்ள இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். ஐந்தாம் குழிக்கு நான் அடித்த பந்து பதின்மூன்றாம் குழியின் கொடியருகே போய் நின்றது. அங்கிருந்து உருட்ட வேண்டிய தூரம் எங்கள் வீட்டு ஒழுங்கையளவு இருந்தது. ஆகவே, போகுமுன் நெடுந்தூரம் உருட்டிப் பழகுங்கள்.

பதினேழாம் குழியில் ஹோட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாக, இலக்குத் தெரியாமலே அடிக்க வேண்டும். சுவரிலுள்ள ஹோட்டல் பெயரில், கேடி (பை சுமந்து வழிகாட்டும் உதவியாளர்) காட்டிய எழுத்தை நோக்கி அடித்தேன், பந்து கட்டடத்தில் படாமல் தப்பியது.