1909 என்று போட்ட 5 ரூபிள்: ஜார் நோட்டா, சோவியத் நோட்டா? விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

காசுப்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். சோசலிச நாடுகள் உருவான கையோடு புழக்கத்துக்கு விட்ட நோட்டுகளை மட்டும் சேர்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். ரஷ்யாவில் இருந்துதானே தொடங்க வேண்டும்? இணையத்தில் ஒருவர் "சோவியத் யூனியன் 1918, மூன்று நோட்டுகள்" என்று போட்டிருந்தார், வாங்கிவிட்டேன். வந்ததைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

முதல் நோட்டு நீல நிற 5 ரூபிள், உயரவாக்கில் அச்சிட்டது. ஆண்டு 1909. மேலே கிரீடம் வைத்த இரட்டைத் தலைக் கழுகு. இதில் எங்கே சோவியத்?

இரண்டாவது 250 ரூபிள், 1917. கழுகு இருக்கிறது, கிரீடம் இல்லை. ஆனால் பின்னணியில் ஸ்வஸ்திகா! விற்றவரிடம் கேட்டால் "ஹிட்லர் காலத்துக் கலவை, அரிதானது" என்கிறார். 1917இல் ஏது ஹிட்லர்?

மூன்றாவது பச்சை 1000 ரூபிள், 1919. அரிவாள் சுத்தியல் இருக்கிறது. இது சரியாகத்தான் படுகிறது.

முதல் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடலாமா? இன்னும் நான்கு நாள் அவகாசம் இருக்கிறது.

சில்லறைச்சாமி:
கிரீடம் இருந்தால் ஜார். அதில் பேச்சே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் சார்.

நோட்டுப்பித்தன்:
சாமி அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். ரஷ்ய நோட்டில் படத்தையும் ஆண்டையும் வைத்து எந்த அரசு அச்சிட்டது என்று சொல்ல முடியாது. 1909 என்பது வடிவமைப்பின் ஆண்டு. அச்சகத்தில் இருந்து வெளியே வந்த ஆண்டு அல்ல.

1917 நவம்பரில் லெனினின் போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தபோது கையில் புது நோட்டு எதுவும் தயாராக இல்லை. அரசு வங்கி ஊழியர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். வங்கித் தலைவர் இவான் ஷிபோவும் மறுத்தார், பதவி போனது. ஆனால் அச்சகத்தில் பழைய தகடுகள் அப்படியே இருந்தன. கிராமத்து விவசாயியும் ஜார் நோட்டைத்தான் நம்பினான். அதனால் அதே கழுகு, அதே 1909, வேலையை விட்டு அனுப்பப்பட்ட அதே ஷிபோவின் கையெழுத்து என்று எல்லாவற்றோடும் புது அரசு நோட்டை அடித்துத் தள்ளியது. எனக்குப் பிடித்த வேடிக்கை இன்னொன்று: நோட்டில் உள்ள ரஷ்ய வாசகம், கொண்டு வருபவருக்கு அளவில்லாமல் தங்கக் காசு தருவதாக உறுதி சொல்கிறது. 1914இல் போர் தொடங்கியதுமே தங்கமாக மாற்றித் தருவதை நிறுத்திவிட்டார்கள். போல்ஷ்விக் அரசும் அந்த வாக்குறுதியை எடுக்காமலே அச்சிட்டது.

சரி, பிரித்தறிவது எப்படி? வரிசை எண்ணைப் பாருங்கள். ஜார் காலத்து 5 ரூபிளில் ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியாக ஆறு இலக்க எண் உண்டு. 1917இல் அவசரம் வந்ததும் அதை விட்டுவிட்டு, ஒரு தொகுதிக்கே ஒரே குறியீடு என்று மாற்றினார்கள்: இரண்டு எழுத்து, ஒரு கோடு, மூன்று இலக்கம். உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது?

காசுப்பெட்டி:
மூன்று இலக்கம்தான்! முதல் எழுத்து ஒய் மாதிரி, இரண்டாவது 6 மாதிரி. அப்புறம் 436.

நோட்டுப்பித்தன்:
அப்படியானால் திருப்பி அனுப்பாதீர்கள் தம்பி. அந்த இரண்டாவது எழுத்துதான் முக்கியம். அந்த இடத்தில் ஏ மாதிரி எழுத்தும் சிறிய எண்ணும் இருந்தால் கெரென்ஸ்கியின் இடைக்கால அரசு, அதாவது ஜார் போன பிறகு போல்ஷ்விக்குகள் வரும் வரை இருந்த அரசு, அச்சிட்டது. 6 மாதிரி எழுத்து என்றால் சோவியத் அரசுதான். விற்றவர் தெரியாமலே சரியான நோட்டைக் கொடுத்திருக்கிறார். "சோவியத் யூனியன் 1918" என்று எழுதியது மட்டும் தப்பு. யூனியன் உருவானதே 1922 டிசம்பர் 30. அதற்கு முன்னால் அது சோவியத் ரஷ்யக் குடியரசு. ஆல்பத்தில் அப்படியே எழுதுங்கள்.

250 ரூபிள் விஷயம்: அது இடைக்கால அரசின் வடிவமைப்பு. ஸ்வஸ்திகா அப்போது வெறும் மங்கலச் சின்னம், நாஜிகள் அதை எடுத்துக்கொண்டது பிறகு. 1918 என்று போட்ட 5000, 10000 ரூபிள்களிலும் அது இருக்கிறது. அவற்றை வெளியிட்டது போல்ஷ்விக் அரசுதான். 250ஐயும் அவர்கள் தொடர்ந்து அச்சிட்டார்கள். ஆகவே இதற்கும் வரிசை எழுத்துதான் சாட்சி. நல்ல வெளிச்சத்தில் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மதுரைக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த 1000 ரூபிளைப் பற்றி யாருமே பேசவில்லையே! மூன்றில் அழகானது அதுதான். உற்றுப் பாருங்கள், "உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்" என்பது ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம், சீனம், அரபு என்று ஏழு மொழிகளில் இருக்கும். சேகரிப்பாளர்கள் இதற்குப் பாபிலோன் நோட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தங்க வாக்குறுதியைக் காணோம். குடியரசின் மொத்தச் சொத்தும் இதற்கு ஈடு என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் விலையில் ஏமாறாதீர்கள். மலை மலையாக அச்சிட்ட நோட்டு இது. 1922இல் ரூபிளில் நான்கு பூஜ்யத்தை வெட்டினார்கள் (பழைய 10,000 ரூபிள் புது ஒரு ரூபிள் ஆனது), 1923இல் இன்னும் இரண்டை. 1924இல் 1923ஆம் ஆண்டு ரூபிள் 50,000 கொடுத்தால் ஒரு தங்க ரூபிள். கணக்குப் போட்டால் உங்கள் பச்சை நோட்டு மாதிரி ஐந்து கோடி தாள் சேர்ந்தால்தான் ஒரு ரூபிள். "அரிதானது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காசுப்பெட்டி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. 5 ரூபிளை வைத்துக்கொள்கிறேன். 250இன் படத்தை நாளைக்குப் பகலில் எடுத்துப் போடுகிறேன். இன்னொரு சந்தேகம்: 1000இல் நடுவே மடிப்பு, ஓரத்தில் பழுப்புக் கறை. லேசாக நனைத்து இஸ்திரி போட்டு, லேமினேட் செய்துவிடட்டுமா?

சில்லறைச்சாமி:
ஐயோ வேண்டாம்! லேமினேட் செய்த நோட்டை எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார்.

மதுரைக்காரி:
சாமி சொல்வதுதான் சரி. இஸ்திரி போட்டால் அச்சின் மேடு அமுங்கிவிடும், கழுவினால் தாளின் மொடமொடப்பு போய்விடும். வாங்குபவர் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார். மடிப்போடு இருக்கட்டும். மைலார் (பாலியெஸ்டர்) உறை வாங்கிப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இன்னும் சீக்கிரமாகவே ஒட்டும். ஆல்பத்தைப் பீரோவில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

நோட்டுப்பித்தன்:
அடுத்து வாங்குவதாக இருந்தால் 20, 40 ரூபிள் கெரென்கி ஒரு முழுத் தாளாகக் கிடைக்கிறதா பாருங்கள். தூதரகக் கட்டண முத்திரையின் வடிவத்தையே எடுத்து அடித்த குட்டி நோட்டுகள். எண்ணும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வெட்டாத தாளாகவே கொடுத்தார்கள், மக்கள் கத்தரியால் வெட்டிச் செலவழித்தார்கள். பெயர் கெரென்ஸ்கியுடையது, அவர் ஓடிய பிறகும் சோவியத் அரசு அடித்தது. ஆனால் அதில் எண் இல்லாததால் எந்த அரசு அடித்தது என்று உங்களால் சொல்ல முடியாது. விற்பவர் "இது சோவியத் அச்சு" என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.