குவியமும் இயக்குவரையும் கொடுத்தால் பரவளையச் சமன்பாடு: எதைப் பிடித்துத் தொடங்குவது?

கொலுசுக்காரி, செவ்வாய்ப்பேட்டை:
வணக்கம். சேலத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் வேலை செய்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நானும் 1998இல் அதே வகுப்பைக் கணிதம் எடுத்து முடித்தவள்தான். அந்தத் தைரியத்தில் இரவில் அவளோடு உட்காருகிறேன்.

நேற்றைய கணக்கு: பரவளையத்தின் குவியம் என்ற புள்ளி (4, 1), இயக்குவரை என்ற கோடு x = −2; சமன்பாடு காண வேண்டும். மகள் மளமளவென்று y² = 16x என்று எழுதிவிட்டாள். கேட்டால், "குவியம் (a, 0) அம்மா, அதனால் a = 4" என்கிறாள். அப்படியானால் இயக்குவரை x = −4 ஆக அல்லவா இருக்க வேண்டும் என்றேன். இருவரும் விழித்தோம். நான்கு சூத்திரமும் அவளுக்கு மனப்பாடம். முனை, அதாவது வளைவு திரும்பும் புள்ளி, ஆதியில் (0, 0) இல்லாவிட்டால் கை ஓடவில்லை. விடை மட்டும் வேண்டாம், அவளுக்கு நான் விளக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி:
நீங்கள் கேட்ட கேள்வி மிகச் சரியானது அம்மா. சூத்திரத்தை மூடிவையுங்கள். பரவளையத்தின் எந்தப் புள்ளிக்கும் குவியம் எவ்வளவு தூரமோ, இயக்குவரையும் அவ்வளவு தூரம். புள்ளி (x, y) என்றால்:

(x − 4)² + (y − 1)² = (x + 2)²

விரித்தால் இருபுறமும் x² அடிபடும். மிஞ்சுவது (y − 1)² = 12(x − 1). முனை (1, 1); முனையிலிருந்து குவியத்துக்குள்ள தூரம் a = 3. குவியத்துக்கும் இயக்குவரைக்கும் நட்டநடுவில்தான் முனை இருக்கிறது, பாருங்கள். சோதிக்க (4, 7) எடுங்கள்: குவியத்துக்கு 6, கோட்டுக்கும் 6.

மகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். கீழ் விளிம்புதான் இயக்குவரை. அதற்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்து, விளிம்பின் வெவ்வேறு இடங்கள் அப்புள்ளியைத் தொடும்படி முப்பது முறையாவது மடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு தொடுகோடு.

டிஷ் பொருத்துபவர், ஏற்காடு:
அக்கா, எங்கள் தொழிலில் இது அன்றாடம் வரும். பழைய பெரிய டிஷ் ஒன்று, விட்டம் 240 செ.மீ., நடு ஆழம் 40 செ.மீ. முனையை ஆதியாக வைத்தால் x² = 4ay; விளிம்பில் x = 120, y = 40. ஆகவே a = 90. டிஷ்ஷில் பட்ட அலைகள் குவியத்தில்தான் சேரும்; அதனால் அவற்றைப் பிடிக்கும் எல்.என்.பி. கருவி நடுவிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பனிமூட்டத்தில் ஏணியில் நின்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

கொலுசுக்காரி, செவ்வாய்ப்பேட்டை:
கொலுசு சுற்றும் ரோஸ் தாளிலேயே மடித்தோம். இருபதாவது மடிப்புக்குள் வளைவு எழுந்து வந்துவிட்டது. மகள் தாளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே கேட்டாள்: கோடு சாய்ந்திருந்தால்? குவியம் (1, 1), இயக்குவரை x + y = 0 என்று வைத்துக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி:
அருமையான பிள்ளை! வரையறை அதேதான். கோட்டுக்கான தூரம் மட்டும் செங்குத்துத் தூரம், |x + y|/√2. அதை வர்க்கப்படுத்தினால்:

(x − 1)² + (y − 1)² = (x + y)²/2

இங்கே xy உறுப்பு வரும், பயப்பட வேண்டாம். சுருக்குவதை மகளுக்கே விட்டுவிடுகிறேன்.

கொலுசுக்காரி, செவ்வாய்ப்பேட்டை:
(x − y)² = 4(x + y − 1). முனை (½, ½) என்று போட்டுச் சரிபார்த்தும்விட்டாள் ஐயா. மணி பதினொன்று, இப்போது இன்னொரு ரோஸ் தாள் கேட்கிறாள்.