ஹாஃப்டோன் அடித்தால் வானத்தில் அலைக்கோடு விழுகிறது, பனிமூட்டம் காணாமல் போகிறது: உதவி தேவை

ஹட்டன்_அச்சு

வணக்கம். ஹட்டனில் சின்ன அளவில் டீசேர்ட் அச்சடிக்கிறேன். இதுவரை கிரிக்கெட் டீம் பெயர், நம்பர், கோயில் திருவிழா வாசகம் என்று சாயல் இல்லாத, ஒரே கட்டியான முழு நிற வேலைதான். இப்போது சிவனொளிபாதமலை சீசனுக்கு ஒரு ஓடர் வந்திருக்கிறது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்த மலைப் படம். வெள்ளை டீசேர்ட்டில் கரும்பச்சை ஒரே நிறம். டிசம்பர் பௌர்ணமியோடு சீசன் தொடங்குவதால் அதற்கு முன் கொடுக்க வேண்டும்.

செய்தது இதுதான். போட்டோஷொப்பில் கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்கள்), அப்புறம் பிட்மேப் (வெறும் கறுப்பு வெள்ளை), அதில் ஹாஃப்டோன் ஸ்கிரீன், அதாவது சாயலைச் சின்னதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றுவது. 65 எல்பிஐ (அங்குலத்துக்கு 65 புள்ளி வரிசை), 45 பாகை, வட்டப் புள்ளி. யூடியூபில் ஒருவர் இந்த அளவுகளைத்தான் சொல்லியிருந்தார். ஃபைலை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ட்ரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்தேன், அதுதான் பிலிம். மை இறங்கும் வலைத்துணியான மெஷ் 43 டி, வெள்ளை. மெஷ்ஷில் பூசி வெளிச்சத்தில் இறுகவைக்கும் எமல்ஷன், பைகுரோமேட் கலக்கிற சாதாரண வகை. பிலிமை மேலே வைத்து வெயிலில் எக்ஸ்போஸ். தண்ணி மை.

வந்தது: வானம் முழுக்க அலை அலையாகக் கோடு. மலையைச் சுற்றியிருக்கிற பனி மெதுவாகக் கரைய வேண்டிய இடத்தில், கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி ஒரேயடியாக வெள்ளை. அடிவாரக் காடு ஒரே கட்டியாகப் பச்சை. கழுவும்போதே சில இடத்தில் புள்ளிகள் உதிர்ந்து போகின்றன. எங்கிருந்து சரி பார்க்க வேண்டும்?

கண்டி_மெஷ்

தம்பி, 43 டியில் 65 எல்பிஐயா! அந்த யூடியூப் ஆள் எந்த மெஷ்ஷில் அடித்தார் என்று சொன்னாரா? பெரும்பாலும் 120 டியில் அடித்திருப்பார்.

எல்பிஐயைக் கம்ப்யூட்டரில் முடிவு செய்யக் கூடாது. கையில் இருக்கிற மெஷ்ஷிலிருந்து தொடங்குங்கள். 43 டி என்றால் சென்டிமீட்டருக்கு 43 நூல், அங்குலக் கணக்கில் ஏறக்குறைய 110. அதை 4ஆல் வகுங்கள், 27, 28 வரும். அதுதான் அந்த மெஷ் தாங்கும் எல்பிஐ. பொடிப் புள்ளி முக்கியமான படம் என்றால் 5ஆல் வகுப்பார்கள்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வேலையிலும் இதே கேள்வி வரும். உங்கள் மெஷ்ஷில் ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு 0.23 மில்லிமீட்டர். நூலின் தடிப்பு 0.08 என்று வையுங்கள், மிச்சம் திறந்த கண் 0.15. இப்போது 65 எல்பிஐயில் 10 வீதப் புள்ளியின், அதாவது பரப்பில் நூற்றுக்குப் பத்து மூடும் புள்ளியின், விட்டம் என்ன? 0.14. பனி இருக்கிற இடத்தில் அது எமல்ஷனில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேரே நூல் வந்துவிட்டால் மை இறங்க வழியே இல்லை. காடு இருக்கிற இடத்தில் தலைகீழ்: 90 வீதம் திறப்பு, நடுவில் 0.14 அளவில் எமல்ஷன் பொட்டு. அந்தப் பொட்டு 0.15 கண்ணுக்குள் விழுந்தால் பிடித்துக்கொள்ள நூல் கிடையாது. தண்ணீர் பட்டதும் போய்விடும். பனி காணாமல் போனதற்கும் காடு கட்டியானதற்கும் பாதிக் காரணம் இந்த ஒன்றுதான்.

அலைக்கோடு புள்ளி வரிசையும் நூல் வரிசையும் மோதுவதால் வருவது. 45 பாகையை விட்டு 22.5 போடுங்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மெஷ் கட்டி எமல்ஷன் பூசாத சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, பிலிமை மெஷ்ஷோடு ஒட்டவைத்து மெதுவாகத் திருப்புங்கள். அலை பெருகிச் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். அது அடங்குகிற இடத்தில் சட்டத்திலும் பிலிமிலும் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை_ஸ்டூடியோ

கண்டி அண்ணன் சொன்னது சரி. ஆனால் எனக்கு உறுத்துவது மெஷ் அல்ல, வாட்ஸ்அப்.

ஃபைலை எப்படி அனுப்பினீர்கள்? படமாக அனுப்பியிருந்தால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். கறுப்பு வெள்ளை மட்டும் இருந்த புள்ளியின் ஓரத்தில் சாம்பல் நிறம் ஏறும். லேசர் பிரிண்டருக்கோ சாம்பல் மை கிடையாது. அது அந்தச் சாம்பலைத் தன் சொந்தப் புள்ளிகளால் நிரப்பும். புள்ளிக்கு மேல் புள்ளி. அலை பிலிமிலேயே பிறந்துவிடும், அப்புறம் மெஷ்ஷைத் திருப்பி என்ன பயன்?

பிலிமை மட்டும் தனியாக ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். அதிலேயே அலை தெரிந்தால் குற்றம் ஃபைலில் அல்லது பிரிண்டில். பிலிம் சுத்தமாக இருந்து, மெஷ்ஷில் வைத்தால் மட்டும் அலை வந்தால் கண்டி அண்ணன் சொன்ன வழி.

புறக்கோட்டை_பிரிண்ட்

இதற்கெல்லாம் ஏன் மினக்கெடுகிறீர்கள்? டிடிஎஃப் பிரிண்ட், அதாவது தனித் தாளில் நிறத்தோடு வரும் பிரிண்ட், எடுத்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுங்கள். ஒரு நாள் வேலை.

கண்டி_மெஷ்

ஒட்டலாம். நெஞ்சு அகலத்துக்கு பிளாஸ்டிக் தகடு மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க அத்தனை ஆயிரம் படி ஏறுபவரிடம் அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள். ஹாஃப்டோனில் புள்ளிக்குப் புள்ளி துணி மூச்சு விடும். தம்பி, நீங்கள் தொடருங்கள்.

ஹட்டன்_அச்சு

பண்டாரவளை அண்ணே, படமாகத்தான் அனுப்பினேன். பிலிமை ஜன்னலில் வைத்து, போன் கெமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி வட்டமாகவே இல்லை. ஓரமெல்லாம் பிசிறு, பிசிறுக்குள் ஊசி முனை அளவில் இன்னும் பொடிப் பொடியாகப் புள்ளி. அலை பிலிமிலேயே லேசாகத் தெரிகிறது. மெஷ்ஷில் வைத்தால் இரண்டு மடங்கு.

பிரிண்டும் ஃபைலில் இருந்ததைவிடக் கொஞ்சம் சின்னது. கடையில் கேட்டேன், தாளுக்குள் அடங்கும்படி தானாகச் சுருக்கிக்கொள்ளும் என்றார்கள்.

பண்டாரவளை_ஸ்டூடியோ

அதுவும் சேர்ந்ததா, சரிதான். ஹாஃப்டோன் ஆக்கிய ஃபைலை ஒரு வீதம்கூடச் சுருக்கவோ பெருக்கவோ கூடாது. சட்டையில் எத்தனை அங்குலம் வர வேண்டுமோ அந்த அளவைக் கிரேஸ்கேலில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். லேசர் 600 டிபிஐ என்றால் பிட்மேப் ஆக்கும்போது அவுட்புட்டும் 600 போடுங்கள். பிடிஎஃப் ஆக்கி, டொக்யுமென்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொண்டு போங்கள். கடையில் நின்று ‘அசல் அளவு, 100 வீதம்’ என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். டோனர் மிச்சம் பிடிக்கும் செட்டிங் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், கறுப்பை உச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். ஒரு தாளுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தால் சுளிப்பு போய்விடும்.

மிரர் பண்ண வேண்டாம். டோனர் பக்கம் நேராக வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மெஷ்ஷின் துணி படும் பக்கத்தில் எமல்ஷனோடு ஒட்டினால் சரியாக வரும். மிரர் பண்ணி டோனரை மேலே வைத்தால் காகிதத் தடிப்பு இடையில் வந்துவிடும், அதற்குள் வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து பொடிப் புள்ளியைத் தின்றுவிடும்.

தலவாக்கலை_ஆர்ட்

தம்பி, நான் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதை யாரும் தொடவில்லை.

இறுதியில் பனிதான் இந்தப் படத்தின் உயிர். பனி என்றால் 3 வீதம், 5 வீதம், 8 வீதம் என்று இறங்கிப் பூச்சியமாவது. இந்த மெஷ்ஷில் 28 எல்பிஐக்கு வந்தாலும் 10 வீதத்துக்குக் கீழே நம்பிக்கை இல்லை. அதனால் போட்டோஷொப்பில் சாயல் அளவை மாற்றும் கர்வ்ஸில் நீங்களே கைவைக்க வேண்டும். படத்தின் மிக மெல்லிய சாயலை 10க்கு ஏற்றுங்கள். மிகக் கறுப்பை 85இல் நிறுத்துங்கள். நடுவில் 50 இருக்கிறதே, அதை 38, 40க்கு இறக்குங்கள். மை துணியில் பரவிப் புள்ளி பெருக்கும், எப்படியும் 50ஐத் தாண்டித்தான் வந்து நிற்கும். திரையில் படம் வெளிறித் தெரியும். பயப்பட வேண்டாம், சட்டையில் திரும்பி வரும்.

வானம் தூய வெள்ளையாக இருந்தால் அங்கே புள்ளியே போடாமல் விட்டுவிடுங்கள். 10இல் இருந்து பூச்சியத்துக்குத் தாவும் ஓரத்தை நேர்கோடாக விடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் நொய்ஸ் (தாறுமாறான பொடிப் புள்ளிகள்) தெளித்து, அந்த ஓரத்தை மலை மடிப்போடு ஒழுங்கற்று ஓடவிடுங்கள். வெட்டினது மாதிரி என்று சொன்னீர்களே, அது குறையும். புள்ளி வடிவம் நீள்வட்டம் போடுங்கள். வட்டப் புள்ளிகள் 78 வீதம் அளவில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொள்ளும், உங்கள் காடு அங்கேதான் திடீரென்று கட்டியாகிறது. நீள்வட்டம் முதலில் ஒரு திசையில் சேரும், பிறகு மற்றத் திசையில்.

இனி எமல்ஷன். தொட்டால் காய்ந்தது மாதிரித்தான் இருக்கும். இந்த ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் நம் பக்கம் காற்றே ஈரம். உள்ளே ஈரம் இருந்தால் எவ்வளவு வெயில் காட்டினாலும் எமல்ஷன் இறுகாது, புள்ளி உதிரும். அறையை மூடி, ஹீட்டரைத் தள்ளி வைத்து, ஃபேன் போட்டு, சட்டத்தைத் துணிப் பக்கம் கீழே பார்க்கப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். சூடு 40 பாகையைத் தாண்ட வேண்டாம். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், புகையும் கரியும் எமல்ஷனில் ஒட்டும், செய்யாதீர்கள். பைகுரோமேட் எமல்ஷன் இருட்டில் வைத்தாலும் தானாக மெல்ல இறுகும், ஈரத்தில் இன்னும் வேகமாக. இன்று பூசியதை இன்றே எக்ஸ்போஸ் பண்ணுங்கள்.

பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், பக்கத்துக்கு ஒன்று. முழு நிற வேலைக்குப் பூசுகிற தடிப்பு இதற்கு ஆகாது.

ஹட்டன்_அச்சு

நன்றி அக்கா. எக்ஸ்போஸ் நேரம்தான் இங்கே பெரிய பிரச்சினை. காலையில் வெயில், பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறது. நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவுவதில்லை.

தலவாக்கலை_ஆர்ட்

வெயில் ஒரே இடத்திலிருந்து நேராக வருவதால் புள்ளிக்கு நல்லதுதான். ஆனால் ஹட்டன் வெயிலை நம்பிக் கணக்கு வைக்க முடியாது. யூவி டியூப் போட்ட பெட்டியோ ஒரு எல்ஈடி யூவி லைட்டோ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பட்டைச் சோதனை: பிலிமுக்கு மேல் ஒரு அட்டையை வைத்து, ஒரே அளவு நேர இடைவெளியில் ஒரு விரலகலம் விலக்கிக்கொண்டே போங்கள். கழுவினால் ஒரு ஓரத்தில் புள்ளி உதிரும், மறு ஓரத்தில் பனிப் புள்ளி அடைத்துக்கொள்ளும். இரண்டும் நிற்கிற பட்டைதான் உங்கள் நேரம். பிலிமும் மெஷ்ஷும் இடைவெளியில்லாமல் அமர வேண்டும். சட்டத்துக்குள் கறுப்புத் துணி சுற்றிய ஸ்பொஞ், மேலே கண்ணாடி, பாரம்.

அடுத்த முறை மெஷ் வாங்கும்போது மஞ்சள் மெஷ் கேளுங்கள். வெள்ளை நூல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். 77 டி மஞ்சள் கிடைத்தால் 40 எல்பிஐ தாராளமாக அடிக்கலாம், முகம்கூட வரும். மஞ்சளுக்கு எக்ஸ்போஸ் நேரம் கூடும்.

கொட்டகலை_ஸ்கிரீன்

புது மெஷ் வாங்கக் கொழும்புக்குப் போக நேரம் இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி. பிட்மேப் ஆக்கும்போது ஹாஃப்டோனுக்குப் பதில் டிஃப்யூஷன் டிதர் தேர்ந்து, அவுட்புட்டை 100 டிபிஐ போடுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, கால் மில்லிமீட்டர். ஒழுங்கான வரிசை குறைவு என்பதால் அலை வரும் வாய்ப்பும் குறைவு. பார்க்கக் கொஞ்சம் மணல் மாதிரி இருக்கும். பனிக்கும் பாறைக்கும் அது அழகு, மனித முகத்துக்கு ஆகாது.

கண்டி_மெஷ்

நல்ல யோசனை. அடிக்கும்போது மை இழுக்கும் ரப்பர் ஸ்குவீஜி கடினமானதாக, விளிம்பு கூராக இருக்கட்டும். ஒரே இழுப்பு, துணிக்கும் மெஷ்ஷுக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டாவது இழுப்பு இழுத்தால் புள்ளி இரட்டிக்கும். ஒவ்வொரு சட்டைக்கும் பிறகு மையைப் பரப்பி மூடிவிடுங்கள். தண்ணி மை கண்ணுக்குள் காய்வது கொழும்பில் பெரிய தலைவலி. நம் குளிரில் அது தாமதமாகும். எமல்ஷனைக் கெடுக்கிற அதே ஈரம் அடிக்கும்போது நமக்குத் துணை.

ஹட்டன்_அச்சு

இரண்டு வழியையும் ஒரே சட்டத்தில் பாதிப் பாதியாகப் போட்டுப் பார்த்தேன். 28 எல்பிஐ, நீள்வட்டம், பிலிமைத் திருப்பிக் குறித்த கோணம்: அலை இல்லை. காட்டில் மரம் மரமாகப் பிரிந்து தெரிகிறது. டிதர் பாதியில் பனி நன்றாகக் கரைகிறது, ஆனால் மலை உச்சி கொஞ்சம் பிசிறடிக்கிறது. கிட்ட நின்றால் இரண்டிலும் புள்ளி தெரியும், ஒரு கை தூரத்தில் படம். ஓடர் கொடுத்தவர்களிடம் இரண்டையும் காட்டினேன், டிதரைத்தான் எடுத்தார்கள். உச்சியை மட்டும் முழு நிறத்தில் வரைந்து சேர்த்து அடிக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சட்டம் கழுவுகிற தண்ணீர் பின்னால் இருக்கிற வடிகால் கானில்தான் போகிறது. பரவாயில்லையா?

தலவாக்கலை_ஆர்ட்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பைகுரோமேட்டில் இருப்பது குரோமியம், புற்றுநோய் தரக்கூடிய வகை. கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கான் ஓடையில் சேரும், ஓடையில் கீழே குளிப்பவர்கள் இருப்பார்கள். கையில் இருப்பது முடிந்ததும் பைகுரோமேட்டுக்குப் பதில் டயஸோ கலக்கும் எமல்ஷனுக்கு, முடிந்தால் ரெடிமேட் ஃபோட்டோபொலிமருக்கு மாறிவிடுங்கள். அதுவரை கழுவுகிற தண்ணீரைக் கானில் விடாமல் பழைய பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். டயஸோவுக்கு எக்ஸ்போஸ் நேரம் அதிகம் பிடிக்கும், ஃபோட்டோபொலிமருக்கு மிகவும் குறைவு. எதற்கு மாறினாலும் பட்டைச் சோதனையை முதலிலிருந்து போடுங்கள்.