வேடந்தாங்கல் ஏரியில் துடுப்புப் படகு விட்டால் என்ன?

நடைப்பிரியன்:
"கரையில் நின்று பார்ப்பதே போதும், அதற்கு மேல் கேட்பவன் பறவைக்கு எதிரி" என்று ஏரிக்கரையான் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான் கேட்டது மோட்டார் இல்லாத துடுப்புப் படகு. சத்தம் இல்லை, புகை இல்லை. கர்நாடகத்தில் ரங்கனதிட்டு 1940 முதல் சரணாலயம். அங்கே வனத்துறையே துடுப்புப் படகு ஓட்டுகிறது. பறவைகள் பயந்து ஊரை விட்டா போய்விட்டன?

ஏரிக்கரையான்:
ரங்கனதிட்டு காவிரி ஆறு. பறவை இருப்பது திட்டுகளில், படகு போவது திட்டுக்கு வெளியே ஆற்றில். வேடந்தாங்கல் 30 ஹெக்டேர் ஏரி. நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன, கூடு அத்தனையும் அவற்றின் மேல். இங்கே படகு விட்டால் கூட்டுக்கு அடியில்தான் போக வேண்டும். தாய்ப்பறவை எழுந்தால் முட்டை வெயிலில் காயும், காக்கை வந்து கொத்தும். படகில் மோட்டார் இல்லை என்று காக்கையிடம் சொல்லிப் பாருங்கள்.

நடைப்பிரியன்:
மரத்துக்கு அடியில் விடச் சொன்னேனா? ஓரமாக விடலாம். துடுப்புப் படகு ஐயா, துடுப்பு!

லென்ஸ்கண்:
ராஜஸ்தானின் பரத்பூர் பறவைச் சரணாலயத்திலும் தண்ணீர் நிறைந்த வருடங்களில் படகு உண்டு. ஏரிக்கரையானுக்கு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் ஆகாது. போன சீசனில் கூழைக்கடா குஞ்சுப் படம் போட்டதற்கு என்னைத் திருடன் அளவுக்குப் பேசியவர்தானே.

ஏரிக்கரையான்:
கூட்டுக்குள் எட்டிப் பார்த்து எடுத்த படம் அது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பரத்பூரைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். 1938ல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்திய இடம் அது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே, சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லிக் கலெக்டரிடம் போனவர்கள். 1798ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார், 1858ல் அது புதுப்பிக்கப்பட்டது. யாரிடமிருந்து பாடம் கற்கச் சொல்கிறீர்கள்?

வயல்காரன்:
"எங்கள் ஊர்" என்று சொல்கிறீர்களே அண்ணே, உங்களுக்கு ஏரி பாயும் ஆயக்கட்டில் ஒரு காணியாவது உண்டா? பறவை எச்சம் கரைந்த தண்ணீர் எங்கள் நெல்லுக்கு உரம். வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்பது நத்தைகுத்தி நாரை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதும் நாங்கள்தான். படகு வேண்டுமா வேண்டாமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

லென்ஸ்கண்:
அப்படிச் சொல்லுங்கள். 1998 அறிவிப்பில் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. சரணாலயம் ஆனதே, அதில் அடைபட்ட கிராமங்களைப் பற்றி ஏரிக்கரையான் வாயே திறக்க மாட்டார்.

ஏரிக்கரையான்:
திறக்கிறேன், கேளுங்கள். நாரை ஏரியில் தூங்குகிறது, வயலில் சாப்பிடுகிறது. சுற்றியிருக்கும் வயலும் குளமும் போனால் ஏரி மட்டும் இருந்து என்ன பயன்? அந்த 5 கி.மீ.யை 3 ஆக்கலாம் என்று 2020ல் பேச்சு வந்தபோது நான் எழுதியது இங்கே இன்னும் இருக்கிறது. அப்போது லென்ஸ்கண் ஒரு வரி எழுதினாரா? 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏரி சேர்ந்ததும் மாலை போட மட்டும் வந்தார்.

நடைப்பிரியன்:
எங்கெங்கோ போகிறோம். வனவிலங்குச் சட்டம் 28வது பிரிவு சுற்றுலாவுக்கு அனுமதி தரலாம் என்கிறது. மோட்டார் இல்லாத படகு அதில் அடங்காதா?

ஏரிக்கரையான்:
அனுமதி தரலாம் என்றால் தந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமா? நவம்பர் முதல் மார்ச் வரை கூடு கட்டும் காலம், தண்ணீர் இருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கோடையில் படகு விடலாம் என்றால் தரையில்தான் தள்ள வேண்டும். கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது, தொலைநோக்கி இருக்கிறது. கரண்டிவாயன் அலகை ஆட்டி இரை தேடுவது கரையிலிருந்தே தெரியும், பொறுமை இருந்தால்.

நடைப்பிரியன்:
முட்டுக்கு வலி உள்ளவர் கோபுரம் ஏறுவாரா? துடுப்புப் படகில் உட்காரலாம்.

ஏரிக்கரையான்:
கரையில் நடக்கலாம், பெஞ்சில் உட்காரலாம். படகில் ஏறி இறங்க மட்டும் முட்டு வலிக்காதோ?

வயல்காரன்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆயக்கட்டில் உங்களுக்கு நிலம் உண்டா, இல்லையா?

ஏரிக்கரையான்:
நிலம் இருப்பவர்தான் பறவையைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், முதலில் லென்ஸ்கண்ணைக் கேளுங்கள்.

லென்ஸ்கண்:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்? அந்தக் குஞ்சுப் படம் கோபுரத்திலிருந்து எடுத்தது. ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்.