ஹீட் பம்ப் தள்ளுபடி வாங்கியவர்கள், வாங்க முயன்றவர்கள் (மாசசூசெட்ஸ்)

பழைய கொதிகலன்:
எங்கள் ஊருக்குச் சொந்த மின்வாரியம். கதையே அதில்தான் இருக்கிறது. ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்கருவி) பொருத்தக் கேட்டபோது, ஒப்பந்தக்காரர் கொட்டேஷனின் கடைசி வரியில் ‘மாஸ் சேவ் தள்ளுபடி: கழிவு 10,000 டாலர்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்தே கொண்டுவந்தார். காப்பி கொடுத்த என் மனைவி, “எங்கள் ஊருக்கு அது கிடையாதே” என்றாள். மனிதர் அசரவில்லை. “மாநிலத்தில் எல்லாருக்கும் உண்டு” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்! எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட் போன்ற தனியார் மின், எரிவாயு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பில்லில் பிடிக்கும் பணத்தில் நடக்கும் திட்டம் அது. இதைத் தொழிலாகச் செய்பவருக்குத் தெரியாதா? அவர் சர்க்கரை கேட்டதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பரண்வாசி:
இப்படி எழுதினால் ஊர் மின்வாரியத்தில் ஒன்றுமே கிடைக்காது என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்கள். பல வாரியங்கள் தாங்களே தருகின்றன, தொகைதான் குறைவு. எனக்கு வந்த வம்பு வேறு. வீட்டு ஆய்வுக்கு வந்த பையன் பரணில் டார்ச் அடித்தான். தூசிக்குள் வெள்ளையாக ஒரு பீங்கான் குமிழ். “நாப் அண்ட் ட்யூப்” என்று சொல்லி உடனே கீழே இறங்கிவிட்டான். அந்தப் பழைய வயரிங் உயிரோடு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துக் கையெழுத்திடாமல் இன்சுலேஷன் கிடையாது. இன்சுலேஷன் இல்லாமல், வீடு முழுவதையும் ஹீட் பம்பாலேயே சூடாக்குபவர்களுக்கான முழு வீட்டுத் தள்ளுபடியும் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
எங்கள் வீட்டில் எல்லாம் சுமுகமாக முடிந்தது. ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகை (உச்சம் 2,000 டாலர்) 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அதைக் கழித்துக் காட்டும் கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள். முழு வீட்டுத் தள்ளுபடி 2025இல் டன்னுக்கு (யூனிட்டின் திறன் அளவு, எடை அல்ல) 3,000 டாலர், உச்சம் 10,000. 2026இல் டன்னுக்கு 2,650, உச்சம் 8,500. வட்டியில்லாக் கடன் 25,000 வரை உண்டு. ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கான குறைந்த குளிர்கால மின்கட்டணத்துக்கு மாறிவிட்டீர்களா? பலர் மாறுவதே இல்லை. வெளி யூனிட்டைப் பனிக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

பழைய கொதிகலன்:
ஐயா, கடன் யார் கேட்டார்கள்?

மூன்றா ஐந்தா:
டன் கணக்கில் கொடுப்பதுதான் வினையே. 2025இல் ஒரே வீட்டுக்கு ஒருவர் மூன்று டன் என்றார், அடுத்தவர் ஐந்து டன் என்றார். ஐந்துக்குத் தள்ளுபடி அதிகமாம். உச்சம் 10,000 என்பதால் கூடுவது 1,000 டாலர், விலையில் ஏறுவது அதைப்போல் பல மடங்கு. போதாததற்கு, தேவைக்குப் பெரிய யூனிட் மிதமான குளிரில் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். “மேனுவல் ஜே கணக்கைக் காட்டுங்கள்” என்றேன்; வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிடும் முறை அது. ஐந்து டன்காரர் ஜன்னலை ஒரு பார்வை பார்த்து, “எனக்கு அனுபவத்திலேயே தெரியும்” என்றார். மூன்று டன்காரருக்குத்தான் வேலையைக் கொடுத்தேன்.